பழைய புல்லட்டின் பிரீதரைச் சரிசெய்வது எப்படி? முழுமையான வழிகாட்டி

பழைய புல்லட் என்றால் ஆயில் ஒழுகத்தான் செய்யும் என்று தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் பட்டறைக்குப் பட்டறை சொல்வார்கள். வண்டி நின்ற இடத்தில் அட்டையை விரிப்பது, டேப்பட் கவருக்கு அடிக்கடி பேக்கிங் மாற்றுவது, கறுத்துப்போன பின்சக்கர ரிம்மைத் துடைப்பது எல்லாம் இந்த வண்டியோடு வந்த சீதனம் என்று பலர் நம்பிவிட்டார்கள். நான் அதை ஒப்புக்கொள்வதில்லை. பேக்கிங் மேல் பழி போடுமுன் பிரீதரை, அதாவது இன்ஜின் மூச்சுவிடும் வழியைப் பாருங்கள். இன்ஜினுக்குள் அடைபட்ட காற்று, போக வழியில்லாமல், கிடைத்த இடுக்கில் எல்லாம் ஆயிலைத் தள்ளிக்கொண்டு வெளியேறுகிறது. அதற்கு ஒழுங்கான வழி அமைந்துவிட்டால், எத்தனை பேக்கிங் மாற்றியும் அடங்காத கசிவு தானாகவே அடங்குவதைப் பார்க்கலாம்.

இங்கிலாந்தின் ரெட்டிச்சில் பிறந்து, 1955 முதல் சென்னையில் உருவான வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட்டை முன்வைத்தே இதை எழுதுகிறேன். நம் பக்கம் அதிகம் ஓடுவது அதுதான். பி.எஸ்.ஏ., நார்ட்டன், டிரையம்ப் என்ற பழைய இங்கிலாந்து வண்டிகளை வைத்திருப்பவர்களுக்கும் அடிப்படை ஒன்றே. அவற்றுக்கான வேறுபாடுகளைப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

உள்ளே நடப்பது என்ன

350 புல்லட்டின் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 70 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறியிறங்கும் தூரம்) 90 மி.மீ. இரண்டையும் வைத்துக் கணக்குப் போட்டால் 346 சிசி வரும். பிஸ்டனுக்கு மேலே நடக்கும் வேலையை எல்லோரும் பேசுகிறோம். பிஸ்டன் கீழே இறங்கும்போது அதே 346 சிசி அளவுக்குக் கிராங்க்கேஸில், அதாவது கிராங்க் சுழலும் அடிக்கூட்டில் உள்ள காற்று நெருக்கப்படுவதை யாரும் நினைப்பதில்லை. பிஸ்டன் மேலே நிற்கும்போது கிராங்க்கேஸின் உள்வெளி இரண்டு லிட்டர் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். எந்த வழியும் இல்லாமல் மூடியிருந்தால், பிஸ்டன் கீழே வரும்போது உள்ளே அழுத்தம் வெளிக்காற்றைவிட ஏறக்குறைய 3 பி.எஸ்.ஐ. கூடும். டயருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. டேப்பட் கவரின் மெல்லிய பேக்கிங்குக்கும் ஆயில் சீலின் உதட்டுக்கும் அது பெரிய அழுத்தம். நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஓடும்போது ஒரு நொடிக்கு 50 முறை இந்தத் தள்ளலும் இழுப்பும் நடக்கின்றன.

இதோடு பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே கசியும் எரிந்த வாயுவும் சேர்கிறது. நல்ல நிலையில் உள்ள இன்ஜினில் அது கொஞ்சம்தான். போர் தேய்ந்த இன்ஜினில் அதுவே முழுத் தொல்லையாகிவிடும்.

கிராங்க்கேஸின் வாயில் ஒருவழி வால்வு ஒன்று இருப்பதாக நினைத்துப் பாருங்கள். பிஸ்டன் இறங்கும்போது காற்று வெளியேறுகிறது. ஏறும்போது வால்வு மூடிக்கொள்வதால் வெளிக்காற்று உள்ளே திரும்புவதில்லை. சில சுற்றுகளுக்குள் உள்ளே காற்று குறைந்துவிடும். அதன்பின் பிஸ்டன் அடியில் இருக்கும்போது உள்ளழுத்தம் வெளிக்காற்றுக்குச் சமமாகவும், மற்ற நேரமெல்லாம் அதற்குக் குறைவாகவும் இருக்கும். சராசரியில் உள்ளே ஒரு மெல்லிய வெற்றிடம் நிற்கிறது. ஆயிலை வெளியே தள்ள எதுவும் இல்லை. இணைப்புகளில் சிறு பிளவு இருந்தாலும் வெளிக்காற்றுதான் உள்ளே வரப் பார்க்கும்.

ரெட்டிச் பொறியாளர்கள் இதை அறிந்தே வடிவமைத்தார்கள். பழைய புல்லட்டின் இடப்பக்கக் கிராங்க்கேஸில் ஒரு சிறிய கூடு இருக்கும். அதற்குள் துளைகளின் மேல் மெல்லிய தட்டு வால்வு உட்கார்ந்திருக்கும். பிறகு வந்த வண்டிகளில் குழாய் முனையில் வாத்து அலகு வடிவ ரப்பர் அந்த வேலையைச் செய்தது. அந்தக் குழாய் பின்பக்கச் செயினுக்கு ஆயில் சொட்டவிடும் வழியாகவும் பயன்பட்டது. அதனால்தான் ரிம் கறுக்கிறது.

இரட்டை சிலிண்டர் டிரையம்ப், நார்ட்டன், பி.எஸ்.ஏ. வண்டிகளில் நிலைமை இன்னும் கடினம். அவற்றில் இரண்டு பிஸ்டனும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். 650 சிசி டிரையம்ப் என்றால் ஒவ்வொரு இறக்கத்திலும் 650 சிசி அளவுக்கு நெருக்கம். ஒன்று ஏற மற்றொன்று இறங்கும் இன்ஜின்களில் இந்தத் தொல்லை பெரும்பாலும் தமக்குள்ளேயே ஈடாகிவிடும்.

துளையைப் பெரிதாக்கினால் போதாதா?

“டேப்பட் கவரில் ஒரு நிப்பிள் அடித்து ஃபில்டர் மாட்டிவிடலாமா அண்ணா?” என்று பட்டறையில் கேட்பார்கள். வேண்டாம். வால்வு இல்லாத திறந்த துளை எத்தனை பெரிதானாலும் காற்று வெளியே போய் அதே வழியில் உள்ளே வரும். வெற்றிடம் உருவாகாது. போதாக்குறைக்குக் கிருஷ்ணகிரி கிரானைட் குவாரிச் சாலைத் தூள் நொடிக்கு ஐம்பது முறை இன்ஜினுக்குள் இழுக்கப்படும். அந்தத் தூள் ஆயிலில் கலந்து போரை என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. காற்று எளிதாக வெளியே போக வேண்டும், உள்ளே வரக் கூடாது. இனி வரும் எல்லாப் படிகளும் இந்த ஒன்றைச் சுற்றியே போகின்றன.

படி 1: கசிவு எங்கிருந்து வருகிறது?

மண்ணெண்ணெய், தூரிகை, சோப்புத் தண்ணீர் கொண்டு இன்ஜினை முழுவதும் கழுவித் துடைத்துக் காயவிடுங்கள். கசியும் என்று சந்தேகப்படும் இணைப்புகளில் முகப் பவுடரை மெல்லத் தூவுங்கள். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து பார்த்தால், பவுடர் நனைந்த இடத்தின் மேல் நுனியே கசிவின் தொடக்கம். ஆயில் எப்போதும் கீழேயும் பின்னேயும் வழியும். அதனால் அடியில் சொட்டும் இடத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

ஒரே ஒரு இடம் மட்டும் நனைந்திருந்தால் அந்தப் பேக்கிங்கோ அதன் தளமோ கெட்டிருக்கலாம். டேப்பட் கவர், சிலிண்டர் அடி, டைமிங் கவர் என்று பல இடங்களில் ஒரே நேரத்தில் ஈரம் தெரிந்தால் பிரீதர்மீது சந்தேகம் வலுக்கிறது.

படி 2: நின்ற வண்டியில் ஆயில் எங்கே நிற்கிறது?

இதைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். புல்லட்டின் ஆயில் தொட்டி இன்ஜின் வார்ப்பின் பின்பகுதியிலேயே இருந்தாலும் அது கிராங்க்கேஸிலிருந்து தனியானது. பம்ப் தேய்ந்திருந்தால், வண்டி சில நாள் நிற்கும்போது தொட்டி ஆயில் மெல்ல மெல்லக் கிராங்க்கேஸுக்குள் இறங்கிவிடும். பிறகு உதைத்து ஸ்டார்ட் செய்ததும் தேங்கிய ஆயிலைக் கிராங்க் அடித்துக் கலக்கிப் பிரீதர் வழியாகக் கொட்டும். பார்ப்பவர் பிரீதரைத் திட்டுவார். பிரீதர் அங்கே ஒரு பாவமும் அறியாது.

வண்டியை ஒரு வாரம் தொடாமல் நிறுத்துங்கள். பிறகு கிராங்க்கேஸின் அடி டிரெய்ன் போல்ட்டைக் கழற்றி, வரும் ஆயிலை அளவுக் குவளையில் பிடியுங்கள். தொட்டிக்குத் தனி போல்ட் உண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒரு டம்ளருக்குள் வந்தால் நான் கவலைப்படுவதில்லை. அரை லிட்டர் கொட்டினால் முதலில் பம்பைப் பாருங்கள். புல்லட் பம்பின் தட்டுகளைத் தடித்த கண்ணாடித் துண்டின் மேலும், பிறகு அவற்றின் சொந்தத் தளத்தின் மேலும், நுண்ணிய வால்வ் பேஸ்ட் வைத்துத் தேய்த்துப் பொருத்தினால் கசிவு வெகுவாகக் குறையும். பேஸ்ட்டின் துகள் ஒன்றுகூட மிஞ்சாமல் கழுவுவது தேய்ப்பதைவிட முக்கியம்.

ஆயில் தொட்டி தனியாக உள்ள வண்டிகளில் ஆயில் குழாயில் ஒரு திருகு அடைப்பான் (டேப்) வைத்து நிறுத்தும்போது மூடிவிடும் வழக்கம் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரே ஒரு நாள் திறக்க மறந்தால் இன்ஜின் ஆயில் இல்லாமல் ஓடி இறுகி நின்றுவிடும்.

ஆயில் மட்டத்தையும் இப்போதே சரிபார்த்துவிடுங்கள். வண்டியை ஓட்டி நிறுத்திய சில நிமிடங்களுக்குள் டிப்ஸ்டிக் பார்க்க வேண்டும். நின்ற வண்டியில் பார்த்துக் குறைவாக இருக்கிறதே என்று ஊற்றினால் அளவு மிஞ்சிவிடும். மிஞ்சியது எல்லாம் பிரீதர் வழியாகத்தான் வரும். மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் நடுவே நின்றால் போதும்.

படி 3: ரிங் கசிவை அளந்து பாருங்கள்

போர் போன இன்ஜினுக்கு உலகத்தின் சிறந்த பிரீதரை மாட்டினாலும் பயனில்லை. புகை, கசிவு எல்லாம் கொஞ்ச நாள் மறைந்து நிற்கும், அவ்வளவுதான். அதனால் வால்வு வாங்கப் போகுமுன் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள்.

பழைய ஸ்பார்க் பிளக் ஒன்றின் பீங்கானை உடைத்து எடுத்துவிட்டு, உலோக உடலில் டியூப் வால்வ் நிப்பிளைப் பற்றவைத்துக்கொள்ளுங்கள். பிஸ்டனைக் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சியில் நிறுத்தி, டாப் கியர் போட்டு, ஒருவர் பின் பிரேக்கை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். பஞ்சர் கடைக் கம்ப்ரஸரிலிருந்து 30 பி.எஸ்.ஐ. அளவுக்குக் காற்று விடுங்கள். பிரேக் நழுவினால் சக்கரம் சட்டென்று சுழலும். கையைச் செயினுக்கும் ஸ்போக்குக்கும் அருகே கொண்டுபோகக் கூடாது.

இனிக் காதுதான் கருவி. கார்புரேட்டரில் ‘ஸ்ஸ்’ என்றால் இன்லெட் வால்வு. சைலன்ஸரில் என்றால் எக்ஸாஸ்ட் வால்வு. பிரீதர் குழாயில் என்றால் ரிங்கும் போரும். லேசான சத்தம் எல்லா இன்ஜினிலும் இருக்கும். குழாய் முனையில் விரலை வைத்தால் தள்ளும் அளவுக்குக் காற்று வந்தால் சிலிண்டரைக் கழற்றும் வேலை காத்திருக்கிறது. புதிய ரிங் போடும்போது வாய் இடைவெளியை ஃபீலர் கேஜ் கொண்டு பார்க்கத் தவறாதீர்கள். 70 மி.மீ. போருக்கு 0.25 முதல் 0.30 மி.மீ. வரை பொதுவான அளவு. புது ரிங் போட்ட வண்டியில் முதல் சில நூறு கிலோமீட்டர் வரை பிரீதர் கொஞ்சம் அதிகமாகவே ஊதும். ரிங் படியட்டும், அதன் பிறகு தீர்ப்புச் சொல்லலாம்.

படி 4: ஏற்கெனவே உள்ள பிரீதருக்கு உயிர் கொடுங்கள்

புதிதாக எதையும் வாங்குமுன் கம்பெனி போட்ட பிரீதர் வேலை செய்கிறதா என்று பாருங்கள். இந்தப் படியோடு வேலை முடிந்த வண்டிகள் நிறைய.

குழாயைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். மாந்தோப்பு ஓரக் கொட்டகைகளில் நிற்கும் வண்டிகளில் குழாய் முனையைக் குளவி மண் கொண்டு அடைத்துவிடும். வெளியே பார்த்தால் சேறு ஒட்டியதுபோல் தெரியும். குச்சியால் நெருடினால் உள்ளே விரல் நீளத்துக்கு உலர்ந்த மண் அறைகள் உதிரும். அப்படி அடைபட்ட வண்டியில்தான் ஆயில் சீல் பிதுங்கி வெளியே வருகிறது. வண்டி நீண்ட நாள் நிற்கப்போகிறது என்றால் குழாய் முனையில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவையுங்கள். கண்ணில் படும் நிறமாக இருந்தால்தான் ஓட்டுமுன் அவிழ்க்க நினைவு வரும்.

அடுத்தது அலகு ரப்பர். வாயில் வைத்து ஊதினால் தடையில்லாமல் போக வேண்டும், உறிஞ்சினால் ஒட்டிக்கொள்ள வேண்டும். சூட்டில் வெந்து இறுகி, உதடு பிளந்து நிற்கும் ரப்பர் வெறும் குழாய்தான். சில பத்து ரூபாய்ப் பொருள். ஆண்டுக்கு ஒன்று மாற்றிவிடலாம்.

தட்டு வால்வு உள்ள பழைய வண்டியானால் கூட்டைக் கழற்றித் தட்டுகளையும் அவை உட்காரும் தளத்தையும் பெட்ரோலில் கழுவுங்கள். கரி ஒட்டியிருந்தால் மரச்சீவலால் சுரண்டலாம், ஸ்க்ரூடிரைவர் வேண்டாம். தளத்தில் ஒரு கீறல் விழுந்தால் தட்டு இனி மூடாது. திரும்ப மாட்டும்போது பின்தகட்டில் பசையை மிக மெல்லிதாகத் தடவுங்கள். ஒரு துளி வழிந்து தட்டில் ஒட்டினாலும் வால்வு நிரந்தரமாக மூடிக்கொள்ளும். கடையில் கொடுக்கும் சிலிக்கான் பசையைத் தாராளமாகப் பூசுபவர்கள் செய்யும் கெடுதல் இது.

குழாய் போகும் பாதையையும் பாருங்கள். எங்கும் தொய்ந்து வளைந்து நிற்கக் கூடாது. தொய்வில் தண்ணீரும் ஆயிலும் தேங்கி அடைப்பாகிவிடும். முனை முன்னோக்கி இருந்தால் ஓடும்போது எதிர்க்காற்று உள்ளே தள்ளும். பின்னோக்கித் திருப்பிச் சாய்வாக வெட்டிவிடுங்கள்.

படி 5: மட்டக் குழாய்ச் சோதனை

கொத்தனார்கள் தண்ணீர் மட்டம் பார்க்கப் பயன்படுத்தும் தெளிவான பிளாஸ்டிக் குழாய் எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். இரண்டரை மீட்டர் வாங்குங்கள். ஒரு பலகையில் ‘ப’ எழுத்து வடிவில், இரு கைகளும் ஒரு மீட்டர் உயரம் நிற்குமாறு கட்டி, பாதி உயரம் வரை சாயம் கலந்த தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு கை திறந்திருக்க, மற்றொன்று இன்ஜினுக்குப் போகும்.

இன்ஜினில் எங்கே இணைப்பது? புல்லட்டின் வலப்பக்கம், சிலிண்டர் அடியில், புஷ்ராட் இடைவெளி சரிபார்க்கும் சிறிய மூடி ஒற்றை நட்டில் நிற்கும். அதே அளவில் ஒரு அலுமினியத் தகடு வெட்டி, அதில் நிப்பிள் ஒன்றைப் பொருத்துங்கள். குழாய்க்குள் பழைய கார்புரேட்டர் ஜெட் ஒன்றைச் செருகினால் தண்ணீர் தாறுமாறாகத் துள்ளாமல் சராசரி அளவைக் காட்டும். நடுவே ஒரு காலிப் பாட்டிலை இரட்டை நிப்பிள் மூடியோடு கட்டாயம் வையுங்கள். வெற்றிடம் பலமாக இருந்து தண்ணீர் இழுபட்டால் பாட்டிலில் விழும், இன்ஜினுக்குள் போகாது.

இன்ஜினைச் சூடாக்கி ஐடிலில் பாருங்கள், பிறகு மெல்ல ஆக்ஸிலரேட்டர் கொடுங்கள். இன்ஜின் பக்கத் தண்ணீர் ஏறினால் உள்ளே வெற்றிடம், அதுதான் வேண்டும். திறந்த பக்கத் தண்ணீர் ஏறினால் உள்ளே அழுத்தம். அடைப்போ ரிங் கசிவோ இருக்கிறது. இரண்டும் சமமாக நின்று நடுங்கினால் வால்வு மூடவில்லை, காற்று போய்வந்துகொண்டிருக்கிறது. இரு மட்டங்களுக்கும் உள்ள வேறுபாடு 70 செ.மீ. என்றால் அது 1 பி.எஸ்.ஐ. வேலை தொடங்குமுன் இந்த அளவைக் குறித்து வையுங்கள். வால்வு மாற்றியபின் ஒப்பிட அது தேவைப்படும்.

படி 6: ரீட் வால்வு பொருத்துதல்

அலகு ரப்பர் குறைந்த சுற்றில் நன்றாகவே உழைக்கும். நெடுஞ்சாலை வேகத்தில் அதன் கனத்த உதடு நொடிக்கு அறுபது முறை திறந்து மூட முடியாமல் பின்தங்கும். ரீட் வால்வின் இதழ் மெல்லியது, எடையற்றது. சிறு அழுத்தத்துக்கே திறக்கும், உடனே மூடும்.

நம் ஊரில் இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. அண்மைக்கால 100 முதல் 150 சிசி வரையான பைக்குகள் பலவற்றில், புகையைக் குறைக்க எக்ஸாஸ்ட்டுக்குள் புதுக்காற்று செலுத்தும் சிறிய பெட்டி இருக்கும். அதற்குள் இருப்பது ரீட் வால்வுதான். பழைய பைக் உடைக்கும் கடையில் கேட்டால் மலிவாகக் கிடைக்கும். ஏர் ஃபில்டர் பக்கமிருந்து எக்ஸாஸ்ட் பக்கம் மட்டுமே அது காற்றை விடும். நமக்கு ஃபில்டர் பக்க நிப்பிள் கிராங்க்கேஸ் நோக்கி இருக்க வேண்டும். சில பெட்டிகளில் மேலே ஒரு டயஃப்ரம் இருந்து கார்புரேட்டர் வெற்றிடத்தால் வழியை அடைக்கும். அப்படிப்பட்டதைத் தவிர்த்து, வெறும் ரீட் மட்டும் உள்ளதை எடுங்கள். நிப்பிளின் உள்துளையையும் அளந்து பாருங்கள். 350க்கு 10 மி.மீ.க்குக் குறையாமலும், 500க்கு 12 மி.மீ.க்குக் குறையாமலும் இருப்பது நல்லது.

கொஞ்சம் செலவு செய்யத் தயார் என்றால் யமஹா ஆர்எக்ஸ் 100இன் ரீட் பிளாக்கை வாங்கி, லேத் பட்டறையில் அதற்கு அலுமினியப் பெட்டி கடைந்து கொள்ளலாம். வழி மிகப் பெரியது. பெட்ரோலும் ஆயிலும் கலந்த ஆவியிலேயே உழைக்கப் பிறந்தது என்பதால் ஆயில் ஆவி அதை ஒன்றும் செய்யாது. இடப்பற்றாக்குறைதான் சிக்கல்.

கார் பிரேக் பூஸ்டர் குழாயில் வரும் ஒருவழி வால்வையும் சிலர் போடுகிறார்கள். உள்ளே ஸ்பிரிங் சற்று இறுக்கம். திறக்கவே அழுத்தம் கேட்கும். அவசரத்துக்கு ஆகும், நிரந்தரமாக வேண்டாம். ஸ்பிரிங்கும் எஃகுக் குண்டும் வைத்த வால்வை எண்ணிப் பார்க்கவும் வேண்டாம்.

எந்த வால்வானாலும் வாயால் ஊதியும் உறிஞ்சியும் திசையைச் சோதித்த பிறகே மாட்டுங்கள். தலைகீழாக மாட்டினால் இன்ஜின் காற்றை உள்ளே மட்டும் இழுத்துச் சேர்க்கும், ஒரே பயணத்தில் எல்லாச் சீலும் பிதுங்கிவிடும்.

வால்வு கிராங்க்கேஸுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. வால்வுக்கும் இன்ஜினுக்கும் இடையே நீளக் குழாய் இருந்தால் அதில் உள்ள காற்றே சுருங்கி விரிந்து துடிப்பை விழுங்கிவிடும். ஒரு சாண் தூரத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள். வெளியேறும் பக்கம் சற்றுக் கீழ்நோக்கி இருந்தால் ஆயில் வால்வுக்குள் தேங்காது. சைலன்ஸர் பெண்டுக்கு அருகே வைக்க வேண்டாம்.

குழாய்க்கு நூலிழை வலுவூட்டிய ஆயில் ஹோஸ்தான் சரி. கிருஷ்ணகிரி நெடுஞ்சாலை ஓரத்து லாரி உதிரிபாகக் கடைகளில் வேண்டிய அளவில் வெட்டித் தருவார்கள். சோதனைக்கு வாங்கிய பிளாஸ்டிக் குழாயை இங்கே மாட்டிவிடாதீர்கள். சூட்டில் இளகி மடிந்து அடைத்துக்கொள்ளும்.

படி 7: வெளியேறும் மூச்சு எங்கே போக வேண்டும்?

முதல் விதி: பின்சக்கர டயரின் மேல் ஒரு சொட்டும் விழக் கூடாது. தொப்பூர் கணவாயில் சேலம் நோக்கி இறங்கும்போது டயர் ஓரத்தில் ஆயில் இருந்தால் என்ன ஆகும் என்பதை அந்தச் சாலையில் ஓட்டியவர்களுக்கு விளக்க வேண்டாம். செயினுக்கு ஆயில் விடும் பழைய ஏற்பாட்டை அதனால்தான் நான் வைத்துக்கொள்வதில்லை. செயினுக்கு ஸ்பிரே இருக்கிறது.

ஒரு சேகரிப்புப் பாட்டில் வையுங்கள். அரை லிட்டர் கொள்ளும் அலுமினிய அல்லது ஸ்டீல் குப்பி போதும். உள்வரும் நிப்பிள் நடுவுயரத்தில், வெளிப்போகும் நிப்பிள் மேலே, அடியில் ஒரு டிரெய்ன் போல்ட். உள்ளே பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் நார் ஒரு பிடி வைத்து, அது மேலேறாமல் சல்லடைத் தகடு ஒன்றைத் திருகிவிடுங்கள். ஆயில் ஆவி நாரில் பட்டுச் சொட்டாகிக் கீழே விழும், காற்று மட்டும் மேலே போகும். வெளிக் குழாய் உட்குழாயைவிட ஒரு அளவு பெரிதாக இருக்கட்டும். அதன் முனை நம்பர் பிளேட் அருகே, தரை நோக்கி முடியலாம்.

பாட்டிலில் சேர்வது சில நேரம் தயிர் போன்ற வெள்ளைக் கூழாக இருக்கும். ஓசூர் மேட்டில் மார்கழிக் காலையில் பால் வாங்கவும் காய்கறி வாங்கவும் மட்டும் வண்டியை எடுப்பவர்கள் இதை அதிகம் பார்ப்பார்கள். எரிதலில் உண்டாகும் நீராவி, சூடேறாத இன்ஜினில் குளிர்ந்து ஆயிலோடு கலப்பதால் வருவது அது. ஹெட் பேக்கிங் போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். தண்ணீரால் குளிர்விக்கும் இன்ஜின் இல்லையே இது. அந்தக் கூழைத் திரும்ப இன்ஜினுக்குள் ஊற்றக் கூடாது. வாரம் ஒருமுறை முப்பது நாற்பது கிலோமீட்டர் தொடர்ந்து ஓட்டி இன்ஜினை நன்றாகச் சூடாக்கினால் அது குறையும்.

படி 8: ஓட்டிப் பார்த்தல்

முதலில் மட்டக் குழாய்ச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். இன்ஜின் பக்கத் தண்ணீர் முன்பைவிட உயர்ந்து நின்றால் வால்வு வேலை செய்கிறது.

பிறகு சாலை. தர்மபுரியிலிருந்து காவேரிப்பட்டணம் வழியாகக் கிருஷ்ணகிரி வரை தேசிய நெடுஞ்சாலை 44இல் நிதானமான, மாறாத வேகத்தில் ஒரு ஓட்டம். பாட்டிலில் என்ன சேர்ந்தது என்று பாருங்கள். அடுத்த நாள் தொப்பூர் கணவாயில் இறங்கித் திரும்ப ஏறுங்கள். இறக்கத்துக்கும் ஏற்றத்துக்கும் தனித்தனிச் செய்தி உண்டு.

இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரை மூடி இறங்கும்போது சிலிண்டருக்குள் பலத்த வெற்றிடம் உண்டாகி மேலிருந்து ஆயிலை இழுக்கும். கணவாய் முடிந்து ஆக்ஸிலரேட்டர் திறந்த கணத்தில் நீலப் புகை ஒரு கொத்தாக வந்தால் இன்லெட் வால்வ் கைடு தேய்ந்திருக்கிறது. பிரீதருக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஏற்றத்தில் சுமையோடு இழுக்கும்போது ரிங்மேல் அழுத்தம் உச்சத்தில் இருக்கும். சமவெளியில் காய்ந்திருந்த பாட்டில் ஏற்றத்துக்குப் பிறகு நிறைந்திருந்தால் மூன்றாம் படிக்குத் திரும்புங்கள்.

டிரையம்ப், நார்ட்டன், பி.எஸ்.ஏ. வைத்திருப்பவர்களுக்கு

பழைய டிரையம்ப் 650, நார்ட்டன் டாமினேட்டர், தொடக்கக் கால கமாண்டோ ஆகியவற்றில் கேம்ஷாஃப்டின் முனையில் சுழலும் தட்டு ஒன்று பிரீதராக வேலை செய்யும். பிஸ்டன் இறங்கும் நேரத்துக்கு வழி திறந்து, ஏறும் நேரத்துக்கு மூடும். அழகான ஏற்பாடுதான். வழி சிறியது, திறக்கும் நேரமும் நிலையானது என்பதால் வேகத்தில் திணறும். இன்ஜின் பிரித்திருக்கும்போது தட்டின் ஸ்பிரிங்கையும் தேய்மானத்தையும் பாருங்கள். இதற்காக மட்டும் இன்ஜினைப் பிரிக்க வேண்டாம்.

1970 முதல் டிரையம்ப் 650 இரட்டை சிலிண்டர் வண்டிகளில் இந்தத் தட்டை விட்டுவிட்டார்கள். கிராங்க்கேஸ் சிறு துளைகள் வழியாகப் பிரைமரி செயின்கேஸுக்குள் (கிராங்க்கிலிருந்து கிளட்ச்சுக்குப் போகும் செயினின் கூட்டுக்குள்) மூச்சுவிட, அங்கிருந்து பெரிய குழாய் பின்னால் போகிறது. இந்த வண்டிகளில் அந்தப் பெரிய குழாயிலேயே, செயின்கேஸை ஒட்டி, ரீட் வால்வு வைக்கலாம். கிராங்க்கேஸ், செயின்கேஸ் இரண்டின் உள்வெளியும் சேர்ந்துவிடுவதால் துடிப்பு மென்மையாக இருக்கும். செயின்கேஸ் மூடியும் ஆல்டர்னேட்டர் ஒயர் வெளியேறும் இடமும் காற்றுப் புகாமல் இருந்தால்தான் பலன் தெரியும்.

தனி ஆயில் தொட்டி உள்ள வண்டிகளில் பிரீதரைத் தொட்டியின் மேற்பகுதிக்குக் கொண்டுபோய், தொட்டியிலிருந்து வெளியே விடுவது நல்ல வழி. ஆயில் தொட்டியிலேயே தங்கும், தனிப் பாட்டில் வேண்டாம். தொட்டிக்கு வெளிவழி திறந்திருப்பதை உறுதிசெய்த பிறகே இதைச் செய்யுங்கள்.

பிறகு கவனிக்க வேண்டியவை

வெற்றிடம் நன்றாக அமைந்த சில வண்டிகளில் ஒரு புதிய விளைவு தெரியும். வெளிக் கசிவு நின்றிருக்கும், ஆனால் பிரைமரி செயின்கேஸில் ஆயில் குறைந்துகொண்டே போகும். இடப்பக்கக் கிராங்க் ஆயில் சீல் தேய்ந்திருந்தால் கிராங்க்கேஸ் அந்த ஆயிலைத் தன் பக்கம் உறிஞ்சிக்கொள்கிறது. டிப்ஸ்டிக்கில் மட்டம் தானாக உயர்வதும் இதற்கு அடையாளம். சீலின் விலை அற்பம், கிளட்ச்சைக் கழற்றும் வேலைதான் பெரிது. அடுத்த முறை கிளட்ச் பிளேட் மாற்றும்போது சீலையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். அதுவரை மாதம் ஒருமுறை பிரைமரியின் லெவல் போல்ட்டைத் திறந்து பார்த்து, குறைந்த அளவை ஊற்றி, சேகரிப்புப் பாட்டிலையும் அதே நாளில் காலி செய்துவிடுங்கள்.